பொறிவண்டின் புள்ளிகளை எப்படிப் படிப்பது?

பொறிவண்டு என்ற பெயருக்குள்ளேயே புள்ளி இருக்கிறது. பொறி என்னும் சொல் புள்ளியையும் குறிக்கும், அடையாளத்தையும் குறிக்கும். இந்த வண்டுக்குப் பெயரிட்டவர்கள் அதன் முதுகில் கண்டதையே பெயராக்கிவிட்டார்கள். ஆகவே இது எந்தப் பொறிவண்டு என்று கேட்டவுடன் நாம் புள்ளிகளை எண்ணத் தொடங்குவதில் வியப்பில்லை. ஏழு இருந்தால் ஏழுபுள்ளிப் பொறிவண்டு, இரண்டு இருந்தால் இருபுள்ளிப் பொறிவண்டு என்று முடித்துவிட முடிந்தால் வேலை எளிதாகத்தான் இருக்கும். ஆனால் காக்சினெல்லிடே எனப்படும் இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 6,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றுக்குப் புள்ளியே கிடையாது. சிலவற்றுக்குப் புள்ளிக்குப் பதிலாகக் கோடும் அலையும் உண்டு. இன்னும் சில இனங்களில் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே இரண்டு புள்ளி கொண்டதும் ஆறு புள்ளி கொண்டதும் வெளிவரக்கூடும். புள்ளிகள் இனத்தை அடையாளம் காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அடையாளம் எத்தனை புள்ளிகள் என்பதைவிட, அவை எங்கே, எந்த வடிவில், எந்த நிறத்தின்மேல் அமைந்துள்ளன என்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உடலமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஓடு என்று நினைப்பது உண்மையில் கெட்டிப்பட்ட ஒரு சோடி முன்னிறக்கைகள். பறப்பதற்கான மெல்லிய பின்னிறக்கைகள் அவற்றின் அடியில் மடிந்து கிடக்கின்றன. இரண்டு முன்னிறக்கைகளும் முதுகின் நடுவே ஒரு நேர்கோட்டில் சந்திக்கும். அதைச் சந்துக்கோடு என்று இங்கே குறிப்பிடுகிறேன். அந்தக் கோட்டின் முன்முனையில் மிகச் சிறிய முக்கோணத் தகடு ஒன்று செருகி வைத்ததுபோல் இருக்கும். அதற்கும் முன்னால், தலையைப் பாதி மறைத்தபடி இருப்பது முன்மார்புத் தகடு. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்தத் தகட்டையே தலை என்றும், அதன் ஓரங்களில் உள்ள வெள்ளைத் திட்டுகளைக் கண்கள் என்றும் எண்ணிவிடுவதுண்டு. உண்மையான கண்கள் அதற்கும் முன்னால், சிறிய தலையின் இரு பக்கங்களிலும் கருமையாக இருக்கும். இனத்தின் பெயரில் வரும் எண் முன்னிறக்கைகளில் உள்ள புள்ளிகளுக்கு மட்டுமே உரியது. முன்மார்புத் தகட்டில் உள்ளவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு பிசகிவிடும்.

எண்ணால் பெயரிடும் வழக்கம் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் வழியாக நிலைபெற்றது. 1758இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் அவர் ஐரோப்பியப் பொறிவண்டுகள் பலவற்றுக்குப் புள்ளிக் கணக்கையே பெயராகச் சூட்டினார். ஏழுபுள்ளிப் பொறிவண்டு காக்சினெல்லா செப்டம்பங்க்டேட்டா ஆனது அப்படித்தான். செப்டம் என்பது இலத்தீனில் ஏழு. இந்தப் பெயர்களில் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. பதினான்கு என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய மூன்று வெவ்வேறு வண்டுகளை லின்னேயஸ் அந்த ஒரே நூலில் விவரித்தார். மஞ்சள் நிலத்தில், அதாவது மஞ்சளான பின்புல நிறத்தின்மேல், கரும்புள்ளிகள் கொண்டதன் பெயர் பங்க்டேட்டா என்று முடிகிறது. பங்க்டம் என்றால் ஊசியால் குத்தியது போன்ற புள்ளி. பழுப்பு நிலத்தில் வெண்மையான புள்ளிகள் கொண்டதன் பெயர் குட்டேட்டா என்று முடிகிறது. குட்டா என்றால் துளி. கருப்பு நிலத்தில் வெளிர்நிறப் புள்ளிகள் கொண்டதன் பெயர் பஸ்டுலேட்டா என்று முடிகிறது. பஸ்டுலா என்றால் கொப்புளம். எண் ஒன்றாக இருந்தும் பெயர்கள் மோதிக்கொள்ளாததற்குக் காரணம், புள்ளியின் நிறமும் அது நிற்கும் நிலத்தின் நிறமும் பெயருக்குள்ளேயே வந்துவிட்டதுதான். அடையாளம் காண்பதற்கான முதல் பாடம் இந்தப் பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது: புள்ளியை எண்ணுவதற்கு முன் எது நிலம், எது புள்ளி என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது பாடம் சமச்சீரிலிருந்து வருகிறது. இடது இறக்கையில் உள்ளது பெரும்பாலும் வலது இறக்கையிலும் இருக்கும். அப்படியானால் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகத்தானே வர வேண்டும்? ஏழு எப்படி வந்தது? ஒவ்வோர் இறக்கையிலும் மூன்று முழுப் புள்ளிகளும், சந்துக்கோட்டின் முன்முனையில் இரண்டு இறக்கைகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் ஒரு புள்ளியும் இருப்பதால் ஏழு. வண்டு இறக்கைகளை விரிக்கும்போது அந்தப் புள்ளி இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படை எண்ணைப் பெயரில் கொண்ட இனங்கள் எல்லாவற்றிலும் இப்படியொரு நடுப்புள்ளியைத் தேடிப் பார்க்கலாம். மாறாக, இருபுள்ளி, பத்துப்புள்ளி, இருபத்திரண்டுபுள்ளிப் பொறிவண்டுகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எனவே ஒரு கலங்கிய புகைப்படத்தில் பின்புறப் புள்ளிகள் தெளிவாகத் தெரியாவிட்டாலும், முக்கோணத் தகட்டை ஒட்டி நடுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே செய்தி பல இனங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். எண்ணிக்கையைக் காட்டிலும் இடம் அதிகம் சொல்கிறது என்பதற்கு இது எளிய சான்று.

எண்ணிக்கை எவ்வளவு தளர்வானது என்பதற்கு அடாலியா டெசெம்பங்க்டேட்டா எனப்படும் பத்துப்புள்ளிப் பொறிவண்டைப் பார்க்கலாம். அதன் புள்ளிகள் எதுவுமே இல்லாத நிலையிலிருந்து பதினைந்து வரை மாறுகின்றன. கட்டம் போட்ட துணியைப்போலக் கருப்பு வலைக்குள் வெளிர்நிறச் சதுரங்கள் தெரியும் வடிவமும் அதற்கு உண்டு. தோள்களில் மட்டும் இரண்டு செம்மஞ்சள் திட்டுகள் எஞ்ச, மற்ற இடமெல்லாம் கருத்துவிட்ட வடிவமும் உண்டு. லின்னேயஸே கட்டம் போட்ட வடிவத்தைத் தனி இனம் என்று கருதி டெசெம்பஸ்டுலேட்டா என்று வேறொரு பெயர் கொடுத்திருந்தார். இருபுள்ளிப் பொறிவண்டின் கருத்த வடிவம் ஒன்றையும் அவ்வாறே செக்ஸ்பஸ்டுலேட்டா என்று பிரித்திருந்தார். புள்ளிகளைக் கொண்டு இனம் பிரித்த முன்னோடியே இரண்டு இடங்களில் அதே புள்ளிகளால் வழிதவறினார் என்பது, இன்று நமக்கு நேரும் குழப்பத்தின் அளவைச் சரியாகக் காட்டுகிறது.

புள்ளிகளின் எண்ணிக்கை வண்டின் வயதைக் காட்டும் என்று பல நாடுகளில் சொல்லப்படுகிறது. அது உண்மையில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பிறகு வண்டு வளர்வதில்லை, தோல் உரிப்பதில்லை, புதிய புள்ளி பெறுவதுமில்லை. ஆனால் வெளிவந்த முதல் சில மணி நேரத்துக்கு ஒரு மாற்றம் நடக்கிறது. அது அடையாளம் காண்பவரைக் கடுமையாக ஏமாற்றக்கூடியது. அப்போது வண்டின் முன்னிறக்கைகள் மென்மையாகவும் ஈரமாகவும், புள்ளியே இல்லாத வெளிர்மஞ்சள் நிறத்திலும் இருக்கும். பிறகு புள்ளிகள் மெல்லிய சாம்பல் நிழல்களாகத் தோன்றி மெல்ல மெல்லக் கருக்கின்றன. புள்ளிகள் முழுமையடைந்த பின்னும் நிலத்தின் நிறம் முதிர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். இளைய ஏழுபுள்ளி வண்டு செம்மஞ்சளாகவும், குளிர்காலத்தைக் கழித்த முதிய வண்டு ஆழ்ந்த சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். வயதைப் பற்றி ஏதேனும் சொல்வதென்றால் அதைச் சொல்வது நிலத்தின் நிறமே. இந்தச் சிவப்பைத் தருபவை கரோட்டினாய்டு என்னும் நிறமிகள். கருமையைத் தருவது மெலனின். கரோட்டினாய்டுகள் இறந்த உடலில் மங்கிப்போவதால், அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்த பழைய வண்டுகள் பழுப்பாகவே தெரியும். அவற்றில் கருமையின் வடிவம் மட்டுமே நம்பத்தக்கதாக எஞ்சியிருக்கும்.

ஓர் இனத்துக்குள் இத்தனை வேறுபாடு எப்படி வருகிறது என்ற கேள்வி மரபியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஆசியப் பொறிவண்டு என்றும், நிறவேறுபாட்டின் மிகுதியால் பல்வண்ணப் பொறிவண்டு என்றும் அழைக்கப்படும் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் 200க்கும் மேற்பட்ட நிறவடிவங்களில் காணப்படுகிறது. செம்மஞ்சள் நிலத்தில் பத்தொன்பது புள்ளிகள், கருப்பு நிலத்தில் இரண்டு சிவப்புத் திட்டுகள், கருப்பு நிலத்தில் நான்கு சிவப்புத் திட்டுகள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போல் தோன்றும் இவை தமக்குள் தடையின்றி இனப்பெருக்கம் செய்கின்றன. சீன மரபியலாளர் டான் ஜியாஜென் இவற்றைக் கலப்பினம் செய்து பார்த்து 1946இல் தம் முடிவை வெளியிட்டார். தந்தையின் வடிவத்தில் இறக்கையின் முன்பகுதி கருப்பாகவும் தாயின் வடிவத்தில் பின்பகுதி கருப்பாகவும் இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பகுதிகளும் கருத்திருக்கும். அதாவது பெற்றோர் இருவரில் எவருடைய மரபுக்கூறு ஓரிடத்தில் கருமையைக் கோரினாலும் அங்கே கருமை வந்துவிடுகிறது. இதை அவர் ஒட்டுச்சித்திரம் போன்ற ஓங்குநிலை என்று விளக்கினார். இதற்குக் காரணமான மரபணு எது என்பது 2018இல்தான் தெளிவானது. தனித்தனியாக உழைத்த இரண்டு ஆய்வுக்குழுக்கள், பானியர் என்னும் ஒரே மரபணுதான் இந்த முக்கிய வடிவங்களை ஆள்கிறது என்று அந்த ஆண்டு கண்டறிந்தன. கூட்டுப்புழுவின் வளரும் இறக்கையில் அது எங்கெல்லாம் இயங்குகிறதோ அங்கெல்லாம் கருமை படிகிறது. அந்த மரபணுவின் ஒரு பகுதியில், டி.என்.ஏ. துண்டு தலைகீழாகத் திரும்பி அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் மாற்றங்கள் கடந்த காலத்தில் மீண்டும் மீண்டும் நேர்ந்ததன் தடயங்களும் காணப்பட்டன.

மரபணுவோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. ஆசியப் பொறிவண்டின் கூட்டுப்புழுக்கள் குளிரில் வளர்ந்தால் வெளிவரும் வண்டுகளின் கரும்புள்ளிகள் பெரிதாகின்றன. வெதுவெதுப்பில் வளர்ந்தால் சிறுத்துப்போகின்றன. கருமை வெயிலை அதிகம் உள்வாங்கும் என்பதால், குளிர்ந்த பருவத்தில் பிறக்கும் வண்டுக்கு அது பயனுள்ளதாக இருக்கலாம். இருபுள்ளிப் பொறிவண்டில் இதனினும் வியப்பான ஒன்றை நிக்கோலாய் டிமோஃபீஃப்-ரெசோவ்ஸ்கி பெர்லினில் கண்டு 1940இல் எழுதினார். குளிர்காலத்துக்கு முன் கருத்த வடிவங்களின் பங்கு கூடியிருந்தது. குளிர்காலம் கழிந்து உயிர்பிழைத்தவற்றில் சிவந்த வடிவங்களின் பங்கு கூடியிருந்தது. ஆகவே, ஒரே இடத்தில் ஒரே இனத்தை இளவேனிலில் பார்ப்பவரும் இலையுதிர்காலத்தில் பார்ப்பவரும் எது வழக்கமான வடிவம் என்பதில் வேறுபடக்கூடும்.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே மாறாமல் நிற்பவை எவை? அடையாளம் காணும் கலை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது முன்மார்புத் தகடு. அடுத்தது கால்களின் நிறம். அதற்கடுத்தது உடலின் அளவும் விளிம்பும். இறக்கைகளின் புள்ளிகளை இவற்றுக்குப் பின்னரே பார்க்கத் தொடங்கினால் தவறுகள் பெருமளவு குறைகின்றன. இதை விளக்க ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கருப்பு நிலத்தில் நான்கு சிவப்புத் திட்டுகள் கொண்ட வண்டு ஒன்று ஐரோப்பாவில் ஒரு மரக்கிளையில் அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று இனங்களில் எதுவாகவும் இருக்கலாம்: எக்சோகோமஸ் குவாட்ரிபஸ்டுலேட்டஸ் என்னும் பைன் பொறிவண்டு, இருபுள்ளிப் பொறிவண்டின் கருத்த வடிவம், ஆசியப் பொறிவண்டின் கருத்த வடிவம். புள்ளிகளை மட்டும் எண்ணுபவருக்கு மூன்றும் ஒன்றே. முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். பைன் பொறிவண்டின் முன்னிறக்கைகளைச் சுற்றிலும், தொப்பியின் விளிம்பைப்போல, வெளிநோக்கி வளைந்த ஓரம் தெளிவாகத் தெரியும். மற்ற இரண்டிலும் அது இல்லை. அதன் முன்பக்கத் திட்டுகள் இரண்டும் காற்புள்ளியைப்போல வளைந்திருக்கும், பின்பக்கத்தவை சிறிய வட்டங்களாக இருக்கும். விளிம்பு இல்லையென்றால் அடுத்து கால்களைப் பார்க்க வேண்டும். இருபுள்ளிப் பொறிவண்டின் கால்கள் கருப்பு. ஆசியப் பொறிவண்டின் கால்கள் பெரும்பாலும் செம்பழுப்பு. அளவும் உதவும்: முன்னது ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர், பின்னது 5 முதல் 8 மில்லிமீட்டர். முன்மார்புத் தகட்டின் இரு பக்கங்களிலும் அகலமான வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது ஆசியப் பொறிவண்டு என்ற முடிவு இன்னும் வலுப்பெறும். ஐயம் தீரவில்லையென்றால் இறக்கையின் பின்முனைக்குச் சற்று முன்னால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆசியப் பொறிவண்டுகள் பலவற்றில் அங்கே குறுக்காக ஒரு சிறிய மேடு ஓடும். இவ்வளவும் பார்த்த பிறகு நான்கு என்ற எண் நமக்கு உதவியது எவ்வளவு என்று யோசித்தால், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

கால்களின் நிறம் வேறொரு நெருங்கிய சோடியையும் பிரித்துத் தருகிறது. இருபுள்ளிப் பொறிவண்டும் பத்துப்புள்ளிப் பொறிவண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே சிறியவை, இரண்டுமே எண்ணற்ற வடிவங்களில் வருபவை. பத்துப்புள்ளியின் கால்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். முதுகு எந்தக் கோலத்தில் இருந்தாலும் வண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும், பெரும்பாலும் கேள்வி தீர்ந்துவிடும்.

முன்மார்புத் தகட்டின் அருமையை வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஹிப்போடாமியா கன்வெர்ஜென்ஸ் நன்கு காட்டுகிறது. அதன் கருத்த முன்மார்புத் தகட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள் பின்னோக்கிச் சென்று ஒன்றையொன்று நெருங்கிக் குவிகின்றன. இனத்தின் பெயரே அந்தக் குவியும் கோடுகளால் வந்தது. இறக்கைகளில் பதின்மூன்று புள்ளிகள் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். கோடுகள் இரண்டும் நிலைத்து நிற்கும். அதேபோல, ஆசியப் பொறிவண்டின் வெளிர்நிற வடிவங்களில் வெள்ளைத் தகட்டின் நடுவே ஆங்கில எழுத்து எம் போன்ற கருப்புக் குறி தென்படும். சில வண்டுகளில் அந்தக் குறியின் இடைவெளிகளும் நிரம்பி, ஒரே கருந்திட்டாகத் தெரியும்.

ஏழுபுள்ளிப் பொறிவண்டு மிக எளிதானது என்று கருதப்படுகிறது. பெரும்பாலான நேரங்களில் அப்படித்தான்: சிவப்பு நிலத்தில் ஏழு கரும்புள்ளிகள், கருத்த கால்கள், கருத்த முன்மார்புத் தகட்டின் முன்மூலைகளில் சிறிய வெள்ளைத் திட்டுகள், நடுப்புள்ளிக்கு முன்னால் இருபுறமும் ஒவ்வொரு வெள்ளை முக்கோணம். ஆனால் ஐரோப்பாவில் செவ்வெறும்புப் புற்றுகளின் அருகே காக்சினெல்லா மேக்னிஃபிகா என்ற இன்னோர் ஏழுபுள்ளி வாழ்கிறது. முதுகிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். வண்டை மென்மையாகப் புரட்டி அடிப்பகுதியைப் பார்த்தால், பொதுவான ஏழுபுள்ளியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு வெள்ளைத் திட்டும், அரிய இனத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டும் தெரியும். அருகில் எறும்புப் புற்று இருக்கிறதா என்பதும் இங்கே உருவ அடையாளத்துக்கு நிகரான சான்று.

ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே மிகப் பரவலான இரண்டு இனங்களுக்கு வட்டப் புள்ளிகளே இல்லை. சீலோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டாவின் பெயரில் ஆறு என்ற எண் இருக்கிறது. முதுகில் தெரிவதோ அலையலையாக வளைந்த கருப்புக் கோடுகள். ஒவ்வோர் இறக்கையிலும் இரண்டு வளைகோடுகளையும் பின்முனையருகே உள்ள ஒரு திட்டையும் சேர்த்தால் மூன்று. இரண்டு இறக்கைக்கும் ஆறு. மாகுலா என்றால் கறை என்பதால் பெயர் பொய்யாகவில்லை. காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸிலும் செம்மஞ்சள் நிலம், சந்துக்கோட்டின் வழியே கருப்புப் பட்டை, பக்கங்களில் குறுக்காகப் படர்ந்த கருந்திட்டுகள் என்று ஒத்த தோற்றமே இருக்கிறது. இரண்டையும் பிரிக்க மீண்டும் முன்மார்புத் தகட்டுக்கே போக வேண்டும். முன்னதில் தகடு பெரும்பாலும் வெளிர்நிறமாகவும் அதன் நடுவே கருப்புக் குறி கொண்டதாகவும் இருக்கும்; பின்னதில் தகடு முழுவதும் கருத்து, முன்மூலைகளில் மட்டும் வெளிர்நிறத் திட்டுகள் எஞ்சியிருக்கும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னும் இந்த நண்பர்களோடு, இலையைச் சுரண்டித் தின்னும் ஓர் இனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் இங்கே அடையாளம் தவறினால் இழப்பு நேரும். ஹெனோசெபிலாக்னா விஜின்டியாக்டோபங்க்டேட்டா என்னும் இருபத்தெட்டுப்புள்ளிப் பொறிவண்டு கத்தரி, உருளைக்கிழங்கு போன்ற செடிகளின் இலைகளை வலைபோல் அரித்துவிடும். இந்தக் கூட்டத்து இனங்களை 1947இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஜெர்ஹார்ட் டீக்கே. அவர் தொழிலால் நிறமாலை ஆய்வு செய்த இயற்பியலாளர். ஒளிக்கோடுகளை அளந்த அதே பொறுமையோடு வண்டின் புள்ளிகளையும் ஆராய்ந்தார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இக்கூட்டத்தின் புள்ளிகளை நிலையானவை, நிலையற்றவை என்று இரு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் இறக்கையிலும் ஆறு புள்ளிகள் நிலையானவை. மற்ற எட்டும் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். எனவே இதே இனத்தில் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும் கொண்ட வண்டும் இருக்கும். பன்னிரண்டுதானே, இது வேறு வண்டு என்று விட்டுவிடுவதற்கு முன் முதுகின் பளபளப்பைப் பார்க்க வேண்டும். இலை தின்னும் இனங்களின் முதுகு மிக நுண்ணிய மயிர்களால் மூடப்பட்டு மங்கலாக இருக்கும். அசுவினி தின்னும் பழக்கமான இனங்களின் முதுகு மெருகிட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கும். மயிர் அடர்ந்த முதுகு எல்லாமே இலை தின்பவையல்ல, பூச்சி தின்னும் சிறிய இனங்கள் பலவற்றுக்கும் மயிர் உண்டு. ஆனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட, மங்கலான, பல புள்ளிகள் கொண்ட வண்டு சுரண்டப்பட்ட இலையின்மேல் அமர்ந்திருந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. அதன் புழுக்களும் தனித்தன்மை கொண்டவை: மஞ்சள் உடலெங்கும் கிளைவிட்ட முட்கள் நிற்கும்.

புள்ளிகளின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்குபுள்ளிப் பொறிவண்டின் கரும்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் செவ்வகமாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சந்துக்கோட்டின் கருமையோடு சேர்ந்து நங்கூரம் போன்ற உருவத்தைத் தோற்றுவிக்கும். இருபத்திரண்டுபுள்ளிப் பொறிவண்டும் மஞ்சள்தான், அதுவும் சிறியதுதான். ஆனால் அதன் புள்ளிகள் வட்டமானவை, தனித்தனியானவை. மஞ்சள் வண்டில் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்று கேட்டாலே போதும், எண்ண வேண்டியதில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடமும் துணை செய்யும், ஏனெனில் இருபத்திரண்டுபுள்ளி இலைகளில் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சையைத் தின்று வாழ்வது. ஐரோப்பாவின் மிகப் பெரிய பொறிவண்டுகளில் ஒன்றான அனாட்டிஸ் ஒசெல்லேட்டாவில் ஒவ்வொரு கரும்புள்ளியையும் சுற்றி வெளிர்நிற வளையம் உண்டு. கண்களைப்போல் தோன்றும் அந்தப் புள்ளிகளை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இத்தனை இனங்கள் ஏன் ஒரே மாதிரியான சிவப்பையும் கருப்பையும் அணிந்திருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. தொந்தரவு செய்தால் இவை முழங்கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறக் குருதியைக் கசியவிடும். அதில் கசப்பான நச்சு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்த நிறச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்கிறது. பல இனங்கள் ஒரே எச்சரிக்கையைப் பகிர்ந்துகொண்டால் பறவைக்குப் பாடம் புகட்ட ஒவ்வோர் இனமும் இழக்க வேண்டிய உயிர்கள் குறைகின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபிரிட்ஸ் முல்லர் விளக்கியிருக்கிறார். அந்த ஆதாயத்தினால் ஒத்த தோற்றம் நிலைக்கிறது. நமக்கு அது சிக்கலாகிறது. இலை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த சிலவும் இதே நிறங்களில் வருவதால், முதலில் அது பொறிவண்டுதானா என்பதையே உறுதி செய்ய வேண்டியிருக்கும். பொறிவண்டின் உணர்கொம்புகள் குட்டையாகவும் நுனியில் சற்றுத் தடித்தும் இருக்கும். இலை வண்டின் உணர்கொம்புகள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் வெளித்தோற்றத்தால் தீர்த்துவிட முடியாது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவேயுள்ள, மயிரடர்ந்த, பழுப்பான சிறு பொறிவண்டுகள் ஏராளம். அவற்றில் பலவற்றை ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். இப்போது மரபணு வரிசையும் துணைக்கு வருகிறது. இருந்தாலும், கைப்பேசியில் எடுத்த ஒழுங்கான புகைப்படம் பெரிய இனங்களுக்குப் போதுமானது. மேலிருந்து ஒரு படம், முன்மார்புத் தகடு தெரியும்படி முன்னிருந்து ஒரு படம், கால்கள் தெரியும்படி பக்கத்திலிருந்து ஒரு படம், அருகே ஓர் அளவுகோல், செடியின் பெயர் ஆகியவை இருந்தால் நிபுணரால் பெரும்பாலும் முடிவு சொல்லிவிட முடியும். முதுகு மட்டும் தெரியும் ஒரே படத்தை அனுப்பி இனம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல இயலாமல் போவது, படம் தெளிவாக இல்லாததால் அல்ல. பார்க்க வேண்டிய பகுதி படத்துக்கு வெளியே இருப்பதால்தான்.

இத்தகைய படங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் கதை ஒன்று உண்டு. காக்சினெல்லா நோவெம்னோட்டேட்டா என்னும் ஒன்பதுபுள்ளிப் பொறிவண்டை அந்த மாநிலம் 1989இல் தன் அரசுச் சின்னப் பூச்சியாக அறிவித்தது. ஆனால் அதற்குள்ளாகவே அந்த இனம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கண்ணில் படுவது அரிதாகிவிட்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழுபுள்ளிப் பொறிவண்டு அந்தப் பகுதியெங்கும் பரவியிருந்தது. காணாமல்போன இனங்களைத் தேட கார்னெல் பல்கலைக்கழகத்தினர் பொதுமக்களிடம் புகைப்படங்கள் கேட்டார்கள். 2006இல் வர்ஜீனியாவில் இரண்டு சிறுவர்கள் ஒரு ஒன்பதுபுள்ளியைக் கண்டெடுத்தார்கள். 2011இல் நியூயார்க்கின் லாங் தீவில் உள்ள அமகன்செட்டில் மற்றொன்று கிடைத்தது. ஏழுபுள்ளிக்குச் சில நேரம் ஒன்பது புள்ளிகள் வருவதுண்டு, ஒன்பதுபுள்ளிக்குப் புள்ளிகளே இல்லாத வடிவமும் உண்டு. ஆகவே ஒன்பது என்று எண்ணி முடித்ததும் ஆய்வாளர்கள் படத்தை ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. முன்மார்புத் தகட்டின் முன்விளிம்பில், தலையை ஒட்டி, இரு மூலைகளின் வெள்ளைத் திட்டுகளையும் இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்பதுபுள்ளியில் அந்தக் கோடு இருக்கும். ஏழுபுள்ளியில் இரண்டு திட்டுகளும் தனித்தனியே நிற்கும்.